பாலத்துக்கு இந்தப் பக்கம்

செல்வம், மீனா, உங்கள் இருவருக்கும் அப்பா எழுதுவது.

போன மாதம் எல்லாரும் வீட்டில் கூடியிருந்தபோது பேத்தி பிரியா டாக்டர் படிப்புக்கு விண்ணப்பம் போட்டாள். சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, ஒரு கையில் முறுக்கு, ஒரு கையில் போன். பிறந்த மாநிலம் எது என்று விண்ணப்பம் கேட்டது. சிலாங்கூர் என்று விரலால் தொட்டாள். அவ்வளவுதான், அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். நான் எழுந்து வீட்டுக்குப் பின்னால் போய்க் குழாயடியில் நின்றேன். செல்வம், நீ வந்து, "என்னப்பா, ஒடம்பு முடியலையா?" என்று கேட்டாய். வெயில் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

வெயில் இல்லை, வெட்கம். அது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குக் கூப்பிட்டால் எப்போதும் அம்மாதான் வருவாள். அப்பாவுக்கு வேன் ஓட்டுகிற வேலை, நேரம் இல்லை என்று உங்களுக்குச் சொல்லி வைத்திருந்தோம். நேரம் இருந்தது. எந்த ஆபீசிலும் மேசைக்கு முன்னால் போய் நிற்க எனக்குக் கால் வராது. ஏன் என்பதை வாயால் சொல்ல முடியாது. எழுதினால் முடியும்போல் இருக்கிறது.

என் வேலைக்காலம் பெரிய கதை இல்லை. பத்தாங் பெர்ஜுந்தாய்ப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தேன். ஆறாம் வகுப்போடு நிறுத்தினார்கள். புல் வெட்டினேன், ரப்பர்ப் பால் லோரியில் டின் தூக்கினேன், அந்த லோரிக்காரரிடமே ஓட்டக் கற்றுக்கொண்டேன். வடக்கே பெர்னாம் ஆற்றோரத் தோட்டம் ஒன்றில் டிரைவர் தேவை என்று கேள்விப்பட்டு லோரி ஓட்டலாம் என்று போனால், கையில் ஆஸ்பத்திரி வேன் சாவியைக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு வேறு வண்டி ஓட்டவில்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரி என்றால் டாக்டர் தினமும் இருக்கிற இடம் இல்லை. மருந்து கொடுப்பது, காயம் கட்டுவது, பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்ப்பது எல்லாம் டிரஸ்ஸர்தான். எங்கள் டிரஸ்ஸர் அருளானந்தம் ஐயா, உலு யாமிலிருந்து வந்தவர். மெலிந்த ஆள், தங்க விளிம்புக் கண்ணாடி, வெள்ளைச் சட்டை. சத்தம் போட்டு யாரையும் ஏசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைக்க ஆரம்பித்துவிட்டார் என்றால் எதிரே நிற்கிறவன் உள்ளுக்குள் நடுங்குவான்.

முதல் தடவை ஒரு பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றிக்கொண்டு நான் பறந்தேன். ஹாரனை அழுத்திக்கொண்டே செம்மண் பாதையில் போனேன். ஐயா, "நிறுத்து" என்றார். நிறுத்தினேன். எஞ்சினையும் அணைக்கச் சொன்னார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார்.

"சுப்பையா, இந்தம்மாவுக்கு ஏற்கெனவே பயம். நீ ஹாரன் அடிச்சு ஊருக்கெல்லாம் பயத்தைச் சொல்லணுமா? குழியப் பாத்து ஓட்டு. மத்தத நான் பாத்துக்கறேன்."

அதற்குப் பிறகு நோயாளி இருக்கும்போது நான் ஹாரன் அடித்ததில்லை. மாடு குறுக்கே நின்றால் இறங்கிப் போய் விரட்டுவேன்.

அவர் முன் இருக்கையில் பாதி உடம்பைப் பின்பக்கம் திருப்பி உட்காருவார். கொஞ்ச தூரத்துக்கு ஒரு தடவை, "பேரைச் சொல்லும்மா" என்று கேட்பார். அந்தப் பெண் பேரைச் சொல்வாள். மறுபடி கேட்பார், மறுபடி சொல்வாள். பேர் தெளிவாக வருகிறவரைக்கும் நான் ஓட்டிக்கொண்டே இருக்கலாம். குரல் பல்லுக்குள் போனால் வேகத்தைக் குறைக்க வேண்டும். பதிலே வரவில்லையென்றால் அவர் சொல்லக் காத்திருக்காமல் ஓரம் கட்ட வேண்டும். இதுதான் எங்கள் இருவருக்கும் இருந்த ஒப்பந்தம்.

எங்கள் தோட்டம் ஆற்றுக்கு இந்தப் பக்கம், சிலாங்கூர். பாலம் தாண்டினால் பேராக், வேறு மாநிலம். இந்தப் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரி வெகு தூரம், அந்தப் பக்கத்தது கிட்டத்தில். அதனால் எங்கள் லயத்து வீடுகளின் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் பேராக்கில் பிறந்தவர்கள். பிறந்த மூன்றாம் நாளே பாலம் தாண்டித் திரும்பி வந்து, வளர்ந்தது முழுக்கச் சிலாங்கூரில். ஆற்றைத் தாண்டுவதில் என்ன இருக்கிறது என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் முனியாண்டியின் மனைவி அஞ்சலைக்குத் தலைப்பிரசவம். முனியாண்டி ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டுகிறவன், என் வயதுக்காரன். மத்தியானம், நல்ல மழை.

"பேரைச் சொல்லும்மா" என்றார் ஐயா.

"காலையிலேருந்து ஏழெட்டுத் தடவ சொல்லிட்டேன். ஐயாவுக்கு ஞாபக மறதியா?" என்றாள் அஞ்சலை. நாங்கள் இருவரும் சிரித்தோம்.

அடுத்த தடவை கேட்டபோது பதில் இல்லை. பாலத்தின் இரும்புக் கம்பி முன்னால் மழைக்குள் தெரிகிறது. சாலையோரம் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். அதன் கீழ் ஓரம் கட்டினேன். ஐயா பின்னால் ஏறிக்கொண்டார். நான் இறங்கிக் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். மழைச் சத்தத்தையும் மீறிப் பிள்ளை அழுதது. ஐயா உள்ளிருந்து, "பொண்ணு, சுப்பையா" என்றார். அவர் அப்படிச் சந்தோஷமாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

பாலத்தில் ஏறும்போது அஞ்சலை அழ ஆரம்பித்தாள். "ஐயா, ரோட்டுல பெத்தேன்னு யாருக்கும் சொல்லிடாதீங்க. மாமியா சாகற வரைக்கும் சொல்லிச் சொல்லிக் காட்டும். ஆஸ்பத்திரில பொறந்துச்சுன்னே இருக்கட்டும்."

ஐயா யோசித்தார். அவர் காலத்தில் வேனில் ஒரு பிள்ளைகூடப் பிறந்ததில்லை என்பதில் அவருக்கும் ஒரு பெருமை உண்டு. ஆஸ்பத்திரியில், "வாசல்ல வந்து இறங்கினதும் பிறந்துடுச்சு" என்று சொன்னார். பிறப்புப் பத்திரத்தில் பேராக் என்று ஏறியது. அந்தப் பிள்ளைதான் தேவகி.

தேவகி நன்றாகப் படித்தாள். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்குப் பிறகு தினமும் பஸ்ஸில் பாலம் தாண்டி அந்தப் பக்கத்துப் பள்ளிக்குப் போனாள். எண்பதுகளின் தொடக்கத்தில், பல்கலைக்கழகத்துக்கு முந்தின படிப்பான ஆறாம் பாரம் முடித்தாள். எங்கள் தோட்டத்தில் அதுவரை யாரும் வாங்காத மதிப்பெண். டாக்டர் படிப்புக்கு மாநிலம் தன் பிள்ளைகளுக்கென்று சில இடங்கள் ஒதுக்கி, செலவையும் ஏற்றுக்கொள்கிற ஏற்பாடு அப்போது இருந்தது. அது கிடைத்தால் டாக்டர். கிடைக்காவிட்டால் ராவாங்கில் ஏதாவது பேக்டரி. நடுவில் வேறொன்றும் இல்லை.

அவளுடைய வாத்தியார் விதியைப் படித்துச் சொன்னார். விண்ணப்பிக்கிறவர் சிலாங்கூரில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பெற்றோர் குடிமக்களாக இருந்து, பல வருஷம் சிலாங்கூரில் குடியிருந்திருக்க வேண்டும். முனியாண்டிக்கும் அஞ்சலைக்கும் சிவப்பு அடையாள அட்டை. குடியிருக்கலாம், வேலை செய்யலாம், ஆனால் குடிமகன் இல்லை என்று அர்த்தம். பேராக் பக்கம் கேட்டுப் பார்த்தார்கள். பிறந்தாய், ஆனால் குடியிருக்கவில்லை என்றார்கள். இங்கே, குடியிருக்கிறாய், ஆனால் பிறக்கவில்லை என்றார்கள்.

அன்று மாலை தேவகி ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தாள். நான் வேன் கழுவிக்கொண்டிருந்தேன். ஐயா உள்ளே மருந்துப் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, அம்மா நேத்துதான் உண்மையைச் சொன்னாங்க. நான் பாலத்துக்கு இந்தப் பக்கந்தான் பொறந்தேனாமே?"

"தூங்குமூஞ்சி மரத்தடியில. நாந்தான் ஓரங்கட்டினேன்" என்றேன்.

"நேர்ல இருந்த ரெண்டு பேர் அதிகாரி முன்னாடி சத்தியம் செஞ்சு கையெழுத்துப் போட்டா ஏத்துக்குவாங்களாம். சொந்தக்காரங்களா இருக்கக்கூடாது. நீங்களும் ஐயாவும்..."

ஐயா உள்ளேயிருந்து வந்தார். கண்ணாடியைக் கழற்றினார். நான் பயந்தேன். துடைத்து மாட்டிக்கொண்டு, "அன்னிக்கு நான் ஆஸ்பத்திரில சொன்னது பொய்ம்மா. இருபது வருஷம் கழிச்சு உண்மையச் சொல்ல ஒரு வாய்ப்பு வந்திருக்கு. வரேன்" என்றார்.

நானும் வருகிறேன் என்றேன். சும்மா சொன்னேனா? லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கள்ளுக்கடையில் சொன்னேன். "தேவகி டாக்டராகணும்னா என் கையெழுத்து வேணும் லா. கவர்மெண்ட்டே கேக்குது" என்றேன். "உன் கையெழுத்தா? சம்பளத்துக்கே நீ கோழி கிறுக்குற மாதிரிதான போடுவ?" என்று சிரித்தார்கள். எனக்கு அதுவும் பெருமையாக இருந்தது. அம்மா என் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டாள். செல்வம், அப்போது உனக்கு நாலு வயது இருக்கும். "அப்பா எங்க போறீங்க?" என்று கேட்டாய். "சாட்சி சொல்ல" என்றேன்.

என்னிடம் இருந்ததும் சிவப்பு அட்டைதான். நான் ஜப்பான்காரன் காலத்தில் பிறந்தவன், பிறப்புப் பத்திரம் கிடையாது. மெர்டேக்கா வந்து நாடு சுதந்திரமான பிறகு எல்லாரும் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்தபோது உங்கள் தாத்தா கொடுக்கவில்லை. நாம்தான் ஊருக்குத் திரும்பப் போகிறோமே என்பார். கப்பலுக்குக் காசு சேருவதற்குள் அவர் போய்விட்டார். லயத்தில் பாதிப் பேர் கையில் சிவப்புத்தான். வேன் ஓட்ட லைசென்ஸ் போதும். அட்டை என்ன நிறம் என்று எனக்கு நினைப்பே வருவதில்லை. முனியாண்டியின் அட்டையால் ஒரு கதவு மூடியதைப் பார்த்தும், என் சட்டைப் பையில் இருப்பது அதே அட்டை என்று எனக்குத் தோன்றவில்லை. என் நினைப்பெல்லாம் அந்த மரத்தில்தான் இருந்தது. பார்த்தவன் பார்த்ததைச் சொல்லப் போகிறான், இதில் அட்டைக்கு என்ன வேலை?

விண்ணப்பத்துக்கு அதுதான் கடைசி நாள். ஐயா, தேவகி, முனியாண்டி, நான் நால்வரும் அரசாங்க ஆபீசுக்குப் போனோம். அதிகாரி இளவயது மலாய்க்காரர், நல்ல மரியாதை. ஐயாவின் அட்டை நீலம், குடிமகனுக்கு உள்ளது; அதைப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். என் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இனி மேரா, பாக்சிக்" என்றார். இது சிவப்பு, பெரியவரே. "மாஆஃப் யா. தா போலே லா." மன்னிக்கணும், ஆகாது.

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மன்னிப்புக் கேட்டார். நான் மலாயில், அங்கே நின்றது நான்தான், வண்டியை நிறுத்தியது நான்தான் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். நான் சொல்லி முடித்ததும், குடிமகனாக இருக்கிற வேறு ஒருவரைக் கூட்டி வாருங்கள், ஆபீஸ் மூடுகிறவரைக்கும் இருப்பேன் என்றார்.

வெளியே வந்தோம். முனியாண்டி சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். எதிரே தேத்தண்ணி விற்கிற ஒரு தண்ணிக்கடை. கடைக்காரர் கிருஷ்ணன் என்று ஒருவர். கட்டையான ஆள், வாய் ஓயாது. எங்கள் முகத்தைப் பார்த்தே கேட்டார்.

"என்னண்ணே, உள்ள சேப்பு காட்டிட்டீங்களா? தினமும் ரெண்டு பேராவது இப்படி வந்து நிப்பாங்க. என்ன வெவரம்?"

சொன்னேன். அவர் கரண்டியால் கிளாசைக் கலக்கிக்கொண்டே கேட்டார். "மரத்தடியா? பாலத்துக்கு இந்தாண்டையா? அட, அந்த ரோட்டுலதான் அன்னிக்கு நான் மாடு மேச்சிக்கிட்டிருந்தேன்னு வச்சுக்கயேன் லா. என்னுது நீலம்."

"மேச்சீங்களா?" என்று தேவகி கேட்டாள்.

"நான் பொறந்ததிலேருந்து மாட்டுக் கொம்பைத் தொட்டதில்ல பாப்பா. ஆனா நீ அங்கதான் பொறந்தது நெசந்தானே?"

தேவகி என் பக்கம் திரும்பினாள். "வேணாம் மாமா. இவரு பாக்கலையே. நீங்கதானே பாத்தீங்க."

அவளை அடக்கியது நான்தான். "நீ டாக்டராகணுமா வேணாமா?" என்று கேட்டேன். அப்படிக் கத்தி அவளிடம் நான் பேசியதே இல்லை. அவள் அப்பாவைப் பார்த்தாள். முனியாண்டி தலையை நிமிர்த்தவில்லை. ஐயாவைப் பார்த்தாள். ஐயா கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு துடைக்காமல் நின்றார்.

கடையின் பின்பக்கம் நின்று நான் கிருஷ்ணனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். மத்தியானம், மழை. வேன் சாம்பல் நிறம். டிரைவர் கதவுக்கு முதுகைக் காட்டி நின்றான். பிள்ளை அழுத சத்தம் மழையை மீறிக் கேட்டது. அவர், "மாட்டுக்குக் கொடை புடிச்சிருந்தேன்னு சொல்லவா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "டிரைவர் பேரு என்னன்னு கேட்டா?" என்றார். "ஞாபகம் இல்லைன்னு சொல்லுங்க" என்றேன்.

அவர்கள் உள்ளே போனார்கள். நான் வெளியே கண்ணாடிச் சன்னல் பக்கம் நின்றேன். கிருஷ்ணன் கையை நீட்டி மழையைக் காட்டுகிறார், முதுகைத் திருப்பி டிரைவர் நின்ற மாதிரி நின்று காட்டுகிறார். என்னைவிட நன்றாகத்தான் சொன்னார். அதிகாரி தலையாட்டிக்கொண்டே எழுதினார். பார்த்தவன் வெளியே நிற்கிறான், பார்க்காதவன் உள்ளே சத்தியம் செய்கிறான். பக்கத்தில், அஞ்சலைக்காகச் சொன்ன அந்த ஒன்றைத் தவிர ஒரு சொல் கூட்டிக் குறைத்துப் பேசாத டிரஸ்ஸர், அந்த மாட்டுக்காரக் கதைக்குத் துணையாக உட்கார்ந்திருக்கிறார். உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று வந்த மனிதர் அவர்.

கையெழுத்து ஆயிற்று. கிருஷ்ணன் ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை. "டாக்டரானதும் எனக்கு இனிப்பு நீரு வியாதி இருக்கான்னு பாத்துச் சொல்லு பாப்பா" என்று சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். நல்ல மனிதர்தான். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

திரும்பி வந்துகொண்டிருந்தோம். பாதி வழியில் ஐயா, "சுப்பையா, அந்த மரத்தை வெட்டிட்டாங்க, கவனிச்சியா?" என்றார். ரோடு அகலப்படுத்தியபோது வெட்டியிருந்தார்கள். "கவனிச்சேங்கையா" என்றேன். அதோடு சரி. அந்த நாளைப் பற்றி அவர் என்னிடமோ நான் அவரிடமோ பிறகு பேசியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் நீ ஓடிவந்து, "சாட்சி சொல்லிட்டீங்களாப்பா?" என்று கேட்டாய், செல்வம். "சொல்லிட்டேன்" என்றேன். கள்ளுக்கடைப் பக்கம் வெகு நாள் போகவில்லை.

தேவகிக்கு இடம் கிடைத்தது. அவளை வழியனுப்பக் கோயிலில் எல்லாரும் கூடினார்கள். நான் வேனுக்கு டயர் மாற்ற வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலேயே இருந்துகொண்டேன். அவள் மாலையோடு அங்கே தேடி வந்து என் காலைத் தொட்டாள். கிரீஸ் கை, என்னால் அவள் தலையில் கை வைக்கவும் முடியவில்லை.

"மாமா, அட்டையை மாத்துங்க. செல்வமும் மீனாவும் வளருறாங்க."

சரி என்றேன். செய்யவில்லை. எழுதிக் கொடுக்க அதே மாதிரி ஒரு மேசைக்கு முன்னால்தான் போய் நிற்க வேண்டும். உங்களுக்குக் கையெழுத்துப் போட நீல அட்டையோடு அம்மா இருந்தாள். அவள் முந்தானைக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தேவகி டாக்டராகத் திரும்பி வந்தாள். ஒரு நாள் காரில் வந்து இறங்கினாள். விண்ணப்பத்தை அவளே கொண்டுவந்திருந்தாள். "பத்தாங் பெர்ஜுந்தாயில நீங்க பொறந்ததைப் பாத்தவங்க யாராச்சும் இருக்காங்களா மாமா?" என்று கேட்டாள். யாரும் இல்லை, எல்லாரும் போய்ச் சேர்ந்தாயிற்று. "பரவால்ல. உங்களை ரொம்ப நாளாத் தெரிஞ்சவங்க ரெண்டு பேர் போதும். ஐயா ஒருத்தர், நான் ஒருத்தி" என்றாள். ஐயா அப்போது ஓய்வுபெற்று உலு யாமில் இருந்தார். நடக்க முடியாமல் நடந்து வந்தார்.

எனக்கு நீல அட்டை கிடைத்தது. பல வருஷம் இழுத்துத்தான் கிடைத்தது. கிடைத்த பிறகும் ஆபீஸ் என்றால் கால் வரவில்லை என்பதைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். பிரியா விரலால் தொட்டதும் நான் குழாயடிக்குப் போனது அதனால்தான். அவள்மேல் ஒன்றும் இல்லை. அவள் நன்றாகத் தொடட்டும்.

தேவகி எனக்குச் சாட்சி சொன்ன அன்றும் நான் தலையைக் குனிந்துகொண்டுதான் இருந்தேன். பிள்ளை வயதில் இருக்கிற ஒருத்தி, நான் இந்த நாட்டில் இருந்தவன்தான் என்று எனக்காகச் சொல்ல வேண்டியிருந்தது. அதிகாரி, இவரை எத்தனை வருஷமாகத் தெரியும் என்று மலாயில் கேட்டார்.

"நான் பிறப்பதற்கு முன்பிருந்தே" என்றாள் தேவகி, மலாயிலேயே.

அவர் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார். டாக்டரின் அடையாள அட்டையைப் பார்த்து, அவள் வயதை எண்ணி, அந்த எண்ணையே எழுதிக்கொண்டார். ஐயா கண்ணாடியைக் கழற்றினார். அது கொஞ்சம் குறைவு என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். லயத்திலிருந்து அந்த மரத்தடி வரைக்கும் அன்று மழையில் நான் ஓட்டி வந்த தூரம் அதில் சேரவில்லை.